மதுரை வெயிலில் கொம்புச்சா: கூம்படிப் பாத்திரத்தில் மண்டியைக் கையாளும் முறை

சர்க்கரை கலந்த தேநீரைப் புளிக்கவைத்துச் செய்யும் கொம்புச்சாவுக்கு இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை, அறை வெப்பம் 22 முதல் 26 டிகிரிக்குள் இருக்கும் ஊர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மதுரையில் பங்குனி பிறந்துவிட்டால் வீட்டுக்குள்ளேயே 32 டிகிரிக்குக் குறைவதில்லை. சித்திரையிலும் வைகாசியிலும் மாடி வீட்டுச் சமையலறை 36, 37 வரை போகும். அந்தக் குறிப்புகளை அப்படியே பின்பற்றிப் பத்து நாள் வைத்திருந்தால் கிடைப்பது வாயில் வைக்க முடியாத காடி. நான்காம் நாளே எடுத்துவிடலாம் என்றால், புளிப்பு ஏறாமல் நுரையும் சாராய வாடையும் மட்டும் முந்திக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் காரணம் பாத்திரத்தின் அடியில் சேரும் ஈஸ்ட் மண்டி. அதை எப்போது, எவ்வளவு எடுப்பது, எவ்வளவு விட்டுவைப்பது என்பது கைவந்தால் நம் ஊர் வெயிலிலும் நல்ல பானம் செய்யலாம்.

கொம்புச்சாவில் இரண்டு வகை நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. ஈஸ்ட் சர்க்கரையை உடைத்து ஆல்கஹாலும் கரியமில வாயுவும் ஆக்குகிறது. அசிட்டிக் பாக்டீரியா அந்த ஆல்கஹாலைக் காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு அசிட்டிக் அமிலமாக மாற்றுகிறது. மேலே மிதக்கும் தடித்த ஆடையை நெய்வதும் அதுதான். காற்று வேண்டியிருப்பதால் பாக்டீரியா மேல்மட்டத்தை நாடும், ஈஸ்ட்டில் பெரும்பகுதி வேலை முடிய முடியக் கீழே இறங்கிப் படியும். பாக்டீரியாவுக்கு 25 முதல் 30 டிகிரி வரை சுகமாக இருக்கும். அதற்கு மேலே போகப் போக அது தளர்ந்துவிட, ஈஸ்ட் மட்டும் சளைக்காமல் ஓடிக்கொண்டிருக்கும். ஆக, வெயில் காலத்தில் நாம் செய்ய வேண்டியது ஈஸ்ட்டின் எண்ணிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பாக்டீரியா அதை எட்டிப் பிடிக்க இடம் கொடுப்பதுதான்.

இதில் சட்டத்தின் பக்கமும் உண்டு. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் நடப்பில் உள்ள தமிழ்நாட்டில் வீட்டில் பீரோ ஒயினோ செய்ய இடமில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, ஆல்கஹால் அளவு 0.5 விழுக்காட்டைத் தாண்டினால் அது மதுபானக் கணக்கில் வந்துவிடும். ஈஸ்ட் மிகுந்த கொம்புச்சா, அதிலும் மூடிய பாட்டிலில் வெப்பத்தில் கிடந்த கொம்புச்சா, அந்த எல்லையைத் தாண்டக்கூடியது. மண்டியை அடக்கி வைப்பதற்குச் சுவையைத் தவிர இதுவும் ஒரு காரணம் என்று புதிதாகத் தொடங்குபவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

பாத்திரம்

கூம்பு வடிவ அடிப்பாகம் பீர் ஆலைகளிலிருந்து வந்தது. லியோபோல்ட் நாதன் என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய கலனுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகெங்கும் பீர் ஆலைகளில் உயர்ந்து நிற்கும் எவர்சில்வர் கலன்கள் பெரும்பாலும் அதே வடிவத்தின் வழிவந்தவை. பயன் எளிது: படியும் பொருள் சரிவில் வழுக்கி நுனியில் சேர்கிறது, அங்கே ஒரு வால்வு இருந்தால் மேலே உள்ள தெளிவைக் கலக்காமல் மண்டியை மட்டும் வெளியே விடலாம். தட்டையான அடியுள்ள கண்ணாடி ஜாடியில் இதைச் செய்ய முடியாது.

வீட்டுக்கு 20 லிட்டர் கொள்ளும் பாத்திரம் போதும். மாசி வீதிகளை ஒட்டிய பாத்திரக் கடைகளில் இது ஆயத்தமாகக் கிடைக்காது. கப்பலூர்ப் பக்கம் எவர்சில்வர் வேலை செய்யும் பட்டறைகளில் சொல்லிச் செய்துகொள்ள வேண்டியிருக்கும். 304 தரத் தகடு, உள்பக்கம் ஆர்கான் வெல்டிங், வெல்டிங் ஓடிய கோடு விரலால் தடவினால் தட்டுப்படாத அளவுக்கு மெருகு, இந்த மூன்றையும் கறாராகக் கேளுங்கள். கூம்பின் உள்கோணம் 60 டிகிரி இருக்கட்டும். அதைவிட விரிந்தால் ஈஸ்ட் வழுக்காமல் சுவரிலேயே அப்பிக்கொள்ளும். வாய் 30 செ.மீ. அகலம் என்றால் 60 டிகிரிக் கூம்பு 26 செ.மீ. ஆழம் வரும், அது மட்டும் ஏறத்தாழ 6 லிட்டர் கொள்ளும். அதன்மேல் 20 செ.மீ. உயர உருளை வைத்தால் மொத்தம் 20 லிட்டர். இதில் 15 லிட்டர் ஊற்றினால் மேலே ஏழு செ.மீ. காலியிடம் இருக்கும், காற்றோட்டத்துக்கும் ஆடை தடிப்பதற்கும் அது தேவை.

நுனியில் ஒரு வால்வு, கூம்பின் சுவரில் நுனியிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் இன்னொரு வால்வு என இரண்டு வேண்டும். கீழுள்ளது மண்டிக்கு, பக்கவாட்டில் உள்ளது தெளிவை இறுத்துக்கொள்ள. அந்த உயரத்துக்குக் கீழே அரை லிட்டருக்குச் சற்று மேல்தான் தங்கும் என்பதால் வீணாவது குறைவு. பக்க வால்வைக் கூம்பும் உருளையும் சேரும் இடத்தில் வைக்கலாமே என்று பட்டறையில் சொல்வார்கள், அவர்களுக்கு அது எளிய வேலை. ஒப்புக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் 6 லிட்டர் கீழே மாட்டிக்கொள்ளும். வால்வுகள் எவர்சில்வராகவும் கழற்றிக் கழுவக் கூடியவையாகவும் இருக்க வேண்டும். பித்தளை வால்வு மலிவாகக் கிடைக்கும், ஆனால் இந்தப் புளிப்பு அதை அரித்துச் செம்பும் ஈயமும் பானத்தில் இறங்க வழிசெய்யும் என்பதால் அதை அறவே தவிர்த்துவிடுங்கள். அலுமினியத்துக்கும் இதே விதி. கால்களை, வால்வுக்கு அடியில் ஒரு டம்ளர் தாராளமாக நுழையும் உயரத்துக்கு வைக்கச் சொல்லுங்கள்.

மண்டி குறைவாகச் சேரத் தொடக்கத்திலேயே செய்ய வேண்டியவை

அடியில் சேர்வதெல்லாம் ஈஸ்ட் அல்ல. தேயிலைத் தூள், தண்ணீரின் சுண்ணாம்பு, சர்க்கரையின் கசடு ஆகியவையும் அங்கேதான் போய்ச் சேரும். இவை கலந்துவிட்டால் ஈஸ்ட் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நாம் டீ போடப் பயன்படுத்தும் டஸ்ட் தேயிலை எந்தத் துணியில் வடிகட்டினாலும் கொஞ்சம் இறங்கிவிடும். ஆகவே நீலகிரி, வால்பாறை, மேகமலை என எந்த மலையிலிருந்து வந்தாலும் இலைத் தேயிலையாக வாங்குங்கள். ஏலக்காய், இஞ்சி மணம் ஏற்றிய தேயிலை வேண்டாம்.

தண்ணீரில்தான் மதுரைக்காரர்கள் அதிகம் கவனம் வைக்க வேண்டும். போர்த் தண்ணீர் பல பகுதிகளில் கடினத்தன்மை மிக்கது. அதைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அது கால்சியம் கார்பனேட். அந்தப் பொடி கூம்பில் இறங்கினால் மண்டி பெருகும், மேலும் உண்டாகும் அமிலத்தை அது தின்றுவிடுவதால் புளிப்பு ஏறவும் தாமதமாகும். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போகும்வரை நன்றாகக் கொதிக்கவைத்து, ஒரு இரவு அசையாமல் வைத்துத் தெளிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போர்த் தண்ணீர் மட்டும்தான் என்றால் கேன் தண்ணீர் வாங்கிவிடுவது மேல்.

சர்க்கரை வெள்ளையாகவே இருக்கட்டும். கருப்பட்டி போடலாமே என்ற ஆசை பலருக்கும் வரும். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் பூசும் சுண்ணாம்பின் மிச்சம் கருப்பட்டியில் இருக்கிறது, மணலும் இருக்கும், கூடவே ஈஸ்ட்டுக்குத் தீனியான தாதுக்களும் சேர்ந்து வருகின்றன. வெயில் காலத்தில் ஈஸ்ட்டுக்கு நாமாக ஊட்டம் கொடுக்க வேண்டியதில்லை. மார்கழி, தையில் வேண்டுமானால் நாலில் ஒரு பங்கு கலந்து பாருங்கள், மணம் நன்றாகவே இருக்கும்.

15 லிட்டருக்கு அளவு இது: இலைத் தேயிலை 75 கிராம், சர்க்கரை 900 கிராம், நன்கு புளித்த பழைய கொம்புச்சா இரண்டரை லிட்டர், மீதி தண்ணீர். மூன்று நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்துவிட்டுத் தேயிலையைப் போட்டு, பத்து நிமிடம் மூடி வைத்து வடிகட்டுங்கள். சூட்டிலேயே சர்க்கரையைக் கரைத்து, ஏற்கெனவே காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றி 30 டிகிரிக்கு வந்ததும் கூம்புப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பழைய கொம்புச்சாவைக் கடைசியில் உறையாக ஊற்றுங்கள். ஊற்றியபின், புளிப்பை அளக்கும் பிஎச் தாளில் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.2 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். அதற்கு மேலே இருந்தால் பூஞ்சை பிடிக்க வாய்ப்பு உண்டு, எனவே இன்னும் கொஞ்சம் உறை சேருங்கள்.

பீர்க் கலனுக்குக் காற்றுப் புகாத மூடி உண்டு. இங்கே மூடியே கூடாது, துணிதான். வலைத்துணியின் வழியாகப் பழ ஈ நுழைந்துவிடும். நெருக்கமாக நெய்த பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து, வாயைச் சுற்றி இறுகக் கட்டுங்கள். அடுப்புக்கும் வெயில் படும் சுவருக்கும் தள்ளி, வீட்டிலேயே குளிர்ந்த கீழ்த்தள அறையில் வையுங்கள். கத்திரி வெயிலில் பாத்திரத்தின் வெளிச்சுவரைச் சுற்றி ஈரச் சணல் சாக்கைப் போர்த்தி, அதன் கீழ் விளிம்பை ஒரு தொட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, மேசை விசிறியைத் திருப்பிவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஐப்பசி அடைமழையில் காற்றே ஈரமாக இருப்பதால் இந்த உத்தி பலிக்காது, அப்போது அது தேவையும் இல்லை.

மண்டியை வெளியே விடுதல்

முதல் முறை, உறை ஊற்றிய மறுநாள். இதில் வருவது பெரும்பாலும் தேயிலைத் தூளும் கசடும், பழைய உறையோடு வந்த செத்த ஈஸ்ட்டும். நிறம் அடர்ந்த பழுப்பாக இருக்கும். 100 முதல் 150 மில்லி வரை விட்டால் போதும், யோசிக்காமல் கொட்டிவிடலாம்.

உண்மையான வேலை அதன்பின் தொடங்குகிறது. வெயில் காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாளும், மார்கழி, தையில் நான்கு நாளுக்கு ஒருமுறையும் வால்வைத் திறக்க வேண்டும். கண்ணாடி டம்ளர் ஒன்றைக் கீழே வைத்து, வால்வைக் கால் பங்குக்கும் குறைவாக, மெதுவாகத் திருப்புங்கள். முதலில் வால்வின் உட்குழியில் தங்கியிருந்த நீர் ஒரு மடக்கு வரும். அதைத் தொடர்ந்து வெளிர் சந்தன நிறத்தில், நீர்த்த தோசை மாவுப் பதத்தில் இறங்குவதுதான் ஈஸ்ட். அது மெல்ல நீர்த்து, தேநீர் நிறம் திரும்பியதும் மூடிவிடுங்கள். ஒரு தடவைக்கு 50 முதல் 100 மில்லிக்கு மேல் போக வேண்டியதில்லை.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. வால்வைச் சட்டென்று முழுக்கத் திறந்தால், கெட்டியான ஈஸ்ட்டின் நடுவே ஒரு துளை விழுந்து அதன் வழியே மேலுள்ள தெளிவு ஓடிவந்துவிடும், ஈஸ்ட்டோ சுவரோடு ஒட்டியபடியே நிற்கும். டம்ளரில் தெளிந்த நீரைப் பார்த்து மண்டி தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடுவோம். திறந்த சில நொடிகளிலேயே தெளிவு வந்தால் சந்தேகப்படுங்கள். உடனே மூடி, கூம்பின் வெளிச்சுவரை உள்ளங்கையால் நாலாபக்கமும் மெதுவாகத் தட்டி, அரை மணி நேரம் விட்டு மறுபடி திறந்தால் சரிந்து வந்த மண்டி இறங்கும். ஓங்கித் தட்டினால் மேலே இருக்கும் ஆடை கலைந்து மூழ்கும், ஆகவே தட்டுவதில் நிதானம் வேண்டும்.

டம்ளரைக் கொட்டுவதற்கு முன் முகர்ந்து பாருங்கள். புளித்த மாவின் வாசனையோ பன் ரொட்டியின் வாசனையோ வந்தால் ஈஸ்ட் நலமாக இருக்கிறது. அழுகிய முட்டை வாடையோ, வெந்த இறைச்சி போன்ற கனத்த வாடையோ அடித்தால், அடியில் நெடுநாள் கிடந்த ஈஸ்ட் செத்துச் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த வாடை மேலே ஏறுமுன் அன்றும் மறுநாளும் தொடர்ந்து விடுங்கள். ஆடையின் அடியில் பழுப்பு நூல்கள் தொங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவையும் ஈஸ்ட்தான். ஆடையின் மேற்பரப்பில் பச்சையாகவோ கறுப்பாகவோ வெள்ளையாகவோ பஞ்சு போன்று உலர்ந்து படர்ந்திருந்தால் அது பூஞ்சை. அதில் பேரம் பேசாமல் ஆடை, உறை உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவித் தொடங்குங்கள்.

ஈஸ்ட்டை முழுவதும் ஒழிக்கவும் கூடாது. ஈஸ்ட் ஆல்கஹால் செய்து கொடுத்தால்தான் பாக்டீரியா அதைப் புளிப்பாக்க முடியும். ஐந்தாம் நாளிலும் இனிப்பு அப்படியே இருக்கிறது, குமிழும் இல்லை என்றால் அளவுக்கு மீறி எடுத்துவிட்டீர்கள். இரண்டு மூன்று நாள் வால்வைத் தொடாமல் விடுங்கள், நீரில் மிதந்துகொண்டிருக்கும் ஈஸ்ட் பெருகிவிடும். மாறாக, புளிப்பு குறைந்து நுரையும் சாராய வாடையும் தூக்கலாக இருந்தால் அன்றாடம் விடுங்கள். இந்த இரண்டு அறிகுறிகளையும் நாக்கில் பிடிக்கப் பழகியவருக்கு நாள்கணக்கு தேவைப்படாது.

ஒவ்வொரு முறை மூடிய பிறகும் வால்வின் வெளிவாயில் கொஞ்சம் மண்டி ஒட்டியிருக்கும். அதை அப்படியே விட்டால் சாயங்காலத்துக்குள் பழ ஈயும் எறும்பும் வந்துவிடும். காய்ச்சி ஆறிய நீரை ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் எடுத்து உள்ளே பீய்ச்சிக் கழுவி, துடைத்து, மூடியைத் திருகிவிடுங்கள்.

இறுத்தல்

வெயில் காலத்தில் ஐந்து முதல் ஏழு நாளில், மற்ற மாதங்களில் எட்டு முதல் பன்னிரண்டு நாளில் பிஎச் 3.2க்கும் 2.8க்கும் இடையே வரும். நாக்குக்குப் பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். முந்தின நாள் இரவு பெரிய அண்டாவில் ஐஸ் கட்டிகளும் தண்ணீரும் போட்டு, கால் உட்படக் கூம்புப் பாத்திரத்தை அதில் இறக்கி வைத்தால் மிதக்கும் ஈஸ்ட் நிறையக் கீழே படியும். ஐஸ் தண்ணீர் வெளியேதான், ஒரு துளியும் உள்ளே தெறிக்கக் கூடாது.

காலையில் முதல் வேலை, அடுத்த தடவைக்கான உறையை எடுத்துவைப்பது. பீர் ஆலையில் கூம்பின் அடியில் சேர்ந்த ஈஸ்ட்டையே விதையாக எடுப்பார்கள், அவர்களுக்கு வேண்டியது ஈஸ்ட் மட்டும். நாம் அப்படிச் செய்தால் ஒவ்வொரு தடவையும் ஈஸ்ட் கூடிக்கொண்டே போய், மூன்றாவது நான்காவது தடவையில் ஆடை வெறும் சவ்வாக மெலிந்து, பானம் வெறும் நுரையாக நிற்கும். ஆகவே ஆடையைச் சுத்தமான தட்டில் எடுத்து வைத்துவிட்டு, மேல்மட்டத்திலிருந்து கரண்டியால் இரண்டரை லிட்டர் மொண்டு தனியே வையுங்கள். பாக்டீரியா அங்கேதான் மிகுதி. ஆடையை எடுக்காமல் இறுத்தால் நீர்மட்டம் இறங்கும்போது அது கூம்பில் சிக்கிப் பக்க வால்வை அடைத்துக்கொள்ளவும் கூடும்.

பிறகு கீழ் வால்வில் கடைசி மண்டியை விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்து, பக்க வால்வில் குழாய் மாட்டிப் பாட்டில்களில் பிடியுங்கள். முதல் டம்ளர் கலங்கலாக வரும், அதைத் தனியே வைத்துவிடலாம். பழம் எதுவும் சேர்க்காமல் நேரே ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாளில் எஞ்சிய ஈஸ்ட் பாட்டிலின் அடியில் மெல்லிய படலமாக உட்காரும். ஊற்றும்போது கடைசி விரற்கடையை விட்டுவிடுங்கள்.

நுரை வேண்டும் என்று கம்பம் பன்னீர்த் திராட்சையோ மாம்பழமோ சேர்த்து மூடி வைப்பவர்கள் மிகுந்த எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பழச் சர்க்கரையும் 35 டிகிரி வெப்பமும் சேர்ந்தால் ஒரே நாளில் கண்ணாடி பாட்டில் வெடிக்கும். மெலிந்த கண்ணாடியும் சதுரப் பாட்டிலும் கூடவே கூடாது. தடித்த சோடா பாட்டில்களோடு ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் அதையே நிரப்பி வைத்து, மணிக்கு ஒருமுறை அதை அமுக்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் பாட்டில் கல்லாக இறுகியதும் அத்தனையும் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் ஆல்கஹாலும் கூடும் என்பதால் கர்ப்பிணிகள், குழந்தைகள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்குக் கொடுக்காதீர்கள். விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்பு உரிமமும் ஆய்வகத்தில் ஆல்கஹால் பரிசோதனையும் இல்லாமல் இறங்க வேண்டாம்.

காலியான பாத்திரத்தை உடனே கழுவிவிடுங்கள், ஈஸ்ட் காய்ந்தால் சுரண்ட வேண்டியிருக்கும். சுடுநீரில் சலவைச் சோடா கரைத்து அரை மணி ஊறவிட்டு, மென்மையான பஞ்சால் துடைத்து, நன்றாக அலசி, கடைசியில் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த நீரால் ஒருமுறை கழுவினால் போதும். கம்பி நார் போட்டால் கீறல் விழுந்து அதற்குள் ஈஸ்ட் குடியேறும்; பிளீச்சிங் பவுடர் எவர்சில்வரைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். வால்வுகளை ஒவ்வொரு தடவையும் முழுவதும் கழற்றி, உள்ளே இருக்கும் வாஷரைத் தனியே கொதிநீரில் போட்டு எடுங்கள். மண்டியைச் சாக்கடையில் விட வேண்டியதில்லை, காய்கறிக் கழிவோடு உரக்குழியில் போடலாம்.

எடுத்துவைத்த உறையை அன்றே புதுத் தேநீரில் சேர்க்க முடியாமல் போனால், ஆடையோடு சேர்த்துக் கண்ணாடி ஜாடியில் துணி கட்டி வெளியிலேயே வைத்திருக்கலாம். வாரம் ஒருமுறை ஒரு டம்ளர் இனிப்புத் தேநீர் ஊற்றிவந்தால் ஒரு மாதம் தாங்கும். மறுபடி பயன்படுத்தும்போது ஜாடியைக் குலுக்காமல், அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள்.